ஆட்டத்திற்கும் ஒரு பாயிரம்

சென்ற மாதம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவர் எழுதியது. கணினித் துறையிற் பயிலும் அவர், தம் நண்பர் இருவருடன் கூடி ஒரு வீடியோ விளையாட்டை ஆக்கி வருகின்றாராம். ஆட்டத்தின் நடுப்பகுதி நன்றாய் அமைந்துவிட்டது, முடிவும் மனத்தில் இருக்கின்றது, தொடக்கந்தான் பிடிபடவில்லை. "ஆடிப் பார்ப்பவர்கள் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். நல்ல தொடக்கம் எப்படி இருக்க வேண்டும்?" என்பது அவர் வினா. கடிதத்தின் அடியிலே இன்னும் ஒரு செய்தி இருந்தது. இதனை ஒரு தொழிலாக ஒப்புக்கொள்ளத் தந்தையார் மறுக்கின்றார். வருகிற தை மாதத்துக்குள் ஒன்றும் கைகூடாவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவதாக மகன் வாக்குக் கொடுத்திருக்கின்றார்.

இப்பகுதியை நெடுநாளாய் வாசித்து வரும் நேயர்கள் இவ்விடத்தில் நகைக்கக்கூடும். வீடியோ விளையாட்டைப் பற்றி இதே பக்கத்தில் நாம் நாலு கடுஞ்சொல் எழுதியதுண்டு. பிள்ளைகளின் பொழுதையும் கண்ணையும் தின்னும் பூதம் என்று சொன்னதாக நினைவு. அதனை முற்றாக மீட்டுக்கொள்ள நாம் இன்று முன்வரவில்லை. ஆயினும் அன்று எழுதியபோது நாம் அவ்விளையாட்டுக்களுள் ஒன்றையேனும் கையில் எடுத்து ஆடியதில்லை என்பதை ஒப்புக்கொள்வதே முறை. ஆடாமலே எழுதினோம். நூலைத் திறவாமல் மதிப்புரை எழுதுபவரை நாம் எத்தனை தடவை கண்டித்திருப்போம்!

கடிதம் வந்த அதே வாரத்தில், கனடாவில் வாழும் எம் தங்கை விடுமுறைக்குத் தன் மக்களோடு வந்திறங்கினாள். மகனுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் கேட்டால் விளங்கும். பேச வாய் கூசும். முதல் இரண்டு நாட்களும் அவனும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பேசுவதற்கு எம் இருவரிடத்தும் பொதுவான பொருள் யாதும் இல்லை. மூன்றாம் நாள் மாணவரின் கடிதம் நினைவுக்கு வர, "தம்பி, உந்த விளையாட்டுக்கள் எப்படித் தொடங்கும்? எனக்கு ஒருக்கால் காட்டு" என்றோம். பையனின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும். கைக்கருவியை எம் கையில் வைத்து, "நான் ஒண்டும் சொல்ல மாட்டன், மாமா. நீங்களே விளையாடுங்கோ" என்றான்.

அவன் தேர்ந்தெடுத்தது மிகப் பழையதொன்று. 1985-ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ஜப்பானில் நின்டெண்டோ கொம்பனியார் வெளியிட்ட 'சுப்பர் மாரியோ பிரதர்ஸ்'. சிகெரு மியமோட்டோ, தகாஷி தெசுகா என்னும் இருவரும் அதன் முதன்மையான ஆக்குநர்கள். திரையில் நீல வானம், பழுப்புநிறத் தரை, இடப்பக்கமாகத் தொப்பியணிந்த ஒரு குள்ளன். அவன் வலப்பக்கத்தை நோக்கி நிற்கின்றான். அவன் முன்னே வெறும் வெளி. ஓர் எழுத்து உபதேசம் இல்லை. நாம் முதலில் இடப்பக்கம் நடத்திப் பார்த்தோம். திரையின் ஓரத்தில் முட்டி நின்றான். வலப்பக்கம் நடத்தினோம், உலகம் அவனோடு நகர்ந்தது. ஆகவே செல்ல வேண்டிய திசை அதுதான். இதைச் சொல்ல ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

சற்றுத் தூரம் சென்றதும், வினாக்குறி பொறித்த ஒரு கட்டி அந்தரத்தில் மின்னுகின்றது. அதனை வியந்து நிற்கும்போதே, புருவம் நெரித்த, காளான் போன்ற ஒரு சிறு பிராணி எதிரே தத்தித் தத்தி வருகின்றது. நாம் அதை நட்பாகக் கருதினோமோ, அல்லது கருதவே நேரமில்லையோ, அது வந்து தொட்டது. மாரியோ மாண்டான். மருமகன் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஆனால் மாண்டதனால் நாம் இழந்தது என்ன? பத்து நொடிப் பயணம். மறுகணமே அதே இடத்தில், அதே வெளியில், அதே திசையை நோக்கி நிற்கின்றோம். இம்முறை அப்பிராணி வருமென்று தெரியும். கைக்கருவியிலுள்ள பொத்தான்களை அழுத்திப் பார்த்தபோது குள்ளன் துள்ளினான். துள்ளி விழுந்த இடம் பிராணியின் தலை. அது நசுங்கிப் போயிற்று. இன்னொரு முறை துள்ளியபோது தலை அந்த வினாக்குறிக் கட்டியில் இடிக்க, இனிய ஓசையோடு ஒரு பொற்காசு வெளிவந்தது. ஓடுதல், துள்ளுதல், மிதித்தல், இடித்தல் என்னும் நான்கும் அரை நிமிடத்தில் கைக்குப் பழகிவிட்டன. எமக்குக் கற்பிக்கப்படுகின்றது என்ற உணர்வே எழவில்லை. நாமே கண்டுபிடித்துவிட்டோம் என்னும் சிறு செருக்குத்தான் எஞ்சியது.

இதன்பின் நிகழ்ந்ததைச் சற்று விரித்துரைக்க வேண்டும்; இவ்விடத்தில் ஆக்கியோனின் மதிநுட்பம் எம்மைத் தலைவணங்கச் செய்தது. அடுத்து வரும் கட்டிகளின் வரிசையில் ஒன்றை இடித்தால் உள்ளிருந்து ஒரு காளான் எழுகின்றது. இது பகையன்று, உண்டால் மாரியோ இரு மடங்கு வளர்வான். ஆனால் காளான் வடிவத்தைக் கண்டு அஞ்சுவதற்கு ஒரு நிமிடம் முன்னேதான் நாம் கற்றிருக்கின்றோம்! அப்படியிருக்க இதனை நாம் நாடுவதெங்ஙனம்? மியமோட்டோ செய்த தந்திரம் இது: காளான் கட்டியின்மேல் எழுந்து, எம்மை விட்டு வலப்பக்கமாக விலகிச் செல்கின்றது, தரையில் விழுகின்றது, அங்கே நிற்கும் பச்சைக் குழாயில் முட்டித் திரும்பி, எம்மை நோக்கியே வருகின்றது. நாம் பதறித் துள்ளினோம். மேலேயுள்ள கட்டிகளில் தலை இடிபட்டு, வந்த காளானின் மேலேயே விழுந்தோம். இறந்தோம் என்று கண்ணை மூடினால், மாரியோ வளர்ந்து நிற்கின்றான்! அஞ்சி ஓடியவனையும் நன்மை விடாது பற்றிக்கொள்ளுமாறு கட்டிகளும் குழாயும் அவ்விடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஆட்டம் வெளிவந்து முப்பது ஆண்டு நிறைந்த 2015-இல், மியமோட்டோவும் தெசுகாவும் ஒருங்கே அமர்ந்து இந்த முதற்கட்டத்தின் நுட்பங்களை விளக்கியிருக்கின்றார்கள். எமது பதற்றமும் துள்ளலும் அவர்கள் கணக்கில் அன்றே எழுதப்பட்டவை என்று அறிந்தபோது சிறிது வெட்கமாகவும் இருந்தது.

அதே கட்டத்தின் இறுதிப் பகுதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுக்கள் உண்டு. ஒன்றில் ஏறி மற்றதற்குத் தாவ வேண்டும். தவறி விழுந்தாலோ, நடுவே தரை இருக்கின்றது, மீண்டும் ஏறிக்கொள்ளலாம். சிறிது தூரத்தில் அதே போன்ற இன்னொரு சோடி. இங்கே நடுவில் தரையில்லை, பாதாளம். ஒத்திகையை முதலில் நடத்திவிட்டே பரீட்சை வைக்கின்றார்கள். எம் பள்ளிக்கூடங்களில் இம்முறை எப்போதும் கைக்கொள்ளப்பட்டதென்று எம்மாற் சொல்ல இயலாது.

மாணவ நண்பர் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டியது வேறு. இந்த முதற்கட்டம் முதலில் அமைக்கப்பட்டதன்று. ஆட்டத்தின் பிற பகுதிகள் பலவற்றை ஆக்கி, இந்த ஆட்டம் எத்தகையது, இதில் இன்பம் எங்கே இருக்கின்றது என்பதைத் தெரிந்துகொண்ட பின்னரே, மியமோட்டோ குழுவினர் திரும்பி வந்து தொடக்கத்தை அமைத்தார்கள். எம்மைக் கொன்ற அந்தச் சிறு பிராணியுங்கூட இறுதிக் காலத்திற் சேர்க்கப்பட்டதே. அதற்கு முன்னிருந்த ஆமைப் பகைவனை வெல்ல மிதித்தல், உதைத்தல் என இரு செயல் வேண்டியிருந்தமையால், புதியவர்க்கு அது கடினம் என்று கண்டு, ஒரே மிதியில் மடியும் ஒன்றைப் படைத்தார்கள். பாயிரத்தை நூல் முடிந்த பிறகே எழுதுவது எம் புலவர்கள் பலரும் அறிந்த வழக்கம். தொடக்கம் பிடிபடவில்லை என்று வருந்தும் நண்பர் முடிவைப் பூர்த்தி செய்யாமலே வருந்துகின்றார் என்று எமக்குத் தோன்றுகின்றது.

மாரியோ முதன்முதல் தோன்றியது இதற்கு நாலு ஆண்டு முன்பு, 1981-இல் வந்த 'டொங்கி கொங்' என்னும் ஆட்டத்தில். அது வீட்டில் ஆடுவதன்று; கடைகளில் நாணயம் போட்டு ஆடும் பொறி. அதன் தொடக்கம் சில நொடிகளே. பெருங்குரங்கொன்று ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுகின்றது. உச்சியை அடைந்ததும் தொம் தொம் என்று குதிக்கின்றது. குதிக்குந்தோறும் நேராயிருந்த இரும்புத் தட்டுக்கள் ஒவ்வொன்றாய்ச் சரிகின்றன. யார் பகைவன், யாரை மீட்க வேண்டும், எங்கே ஏற வேண்டும், தளங்கள் ஏன் சாய்ந்திருக்கின்றன, பீப்பாய்கள் ஏன் உருண்டு வரப்போகின்றன என்று ஐந்து செய்திகளை அக்குரங்கின் குதிப்பே சொல்லிவிடுகின்றது. கூத்துப் பார்த்தவர்கட்கு இது புதிதன்று. கட்டியகாரன் வந்து வரவுரைக்க, அரசன் ஆடிக்கொண்டே களரியில் நுழைவான். அவன் கால் வைக்கும் வகையிலேயே வீரனோ கொடியவனோ என்பது விளங்கிவிடும்.

அக்காலத்துத் தொடக்கங்கள் சுருங்கியிருந்தமைக்குக் காரணம் கலையுணர்வு மாத்திரமன்று, காசுந்தான். நாணயம் போட்டவன் கதை கேட்டு நிற்க மாட்டான். கடைக்காரருக்கும் அவன் நெடுநேரம் நிற்பதால் இலாபமில்லை. விளையாட்டு வீட்டுக்குள் வந்து, நினைவுத் தட்டுக்களின் கொள்ளளவும் பெருகியபின் கட்டு அவிழ்ந்தது. 1997-இல் வந்த 'ஃபைனல் ஃபான்டசி' ஏழாம் பாகம் மூன்று தட்டுக்களில் விற்கப்பட்டது. படம் காட்ட இடம் கிடைத்ததும் எல்லோரும் படம் காட்டத் தொடங்கிவிட்டனர். அந்த ஏழாம் பாகத்தின் தொடக்கத்தை நாம் குறை கூற மாட்டோம். விண்மீன்கள், ஒரு பூக்காரப் பெண்ணின் முகம், தெரு, பின்னே விலகி விலகிப் பிரமாண்டமான நகரம் முழுவதும், மீண்டும் விரைந்திறங்கி நிலையத்துக்குள் நுழையும் ஒரு புகையிரதம். அதிலிருந்து குதிப்பவனை அந்தக் கணமே நாம் நடத்தத் தொடங்குகின்றோம். படம் எங்கே முடிந்தது, ஆட்டம் எங்கே தொடங்கியது என்று தையல் தெரியாது.

தையல் தெரிந்தவைதாம் அதிகம். மருமகன் வருவதற்கு முன் நாமே ஒன்றை விலை கொடுத்து வாங்கியிருந்தோம், பெயர் வேண்டாம். இறக்கிக்கொள்ள ஓர் இரவு பிடித்தது. மறுநாள் திறந்தால், ஒப்பந்தம் ஒன்றை ஏற்கும்படி கேட்டது, ஏற்றோம். மின்னஞ்சல் முகவரி கேட்டது, கொடுத்தோம். பிறகு ஓர் இராச்சியத்தின் ஆயிரம் ஆண்டுச் சரித்திரம். எமக்கு இன்னும் அறிமுகமாகாத நாலு அரசர்கள் ஒருவரையொருவர் வஞ்சித்தார்கள். அதன்பின் ஒரு முதியவர் தோன்றி, நடப்பது எப்படி, திரும்பிப் பார்ப்பது எப்படி என்று ஒவ்வொன்றாய்க் கற்பித்தார். செய்து காட்டாமல் விடமாட்டேன் என்றார். ஏறக்குறைய ஒரு மணி நேரங் கழிந்தபோது எம் கை செய்திருந்த வேலை, "சரி" என்னும் பொத்தானை அழுத்தியது ஒன்றே. பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள் என்று மாணவர் வருந்தியபோது இதுவே எம் நினைவுக்கு வந்தது. நாமும் எழுந்து போய்விட்டோம்.

படமும் வேண்டும், கையும் வேண்டும் என்பதற்கு ஓர் அழகிய உதாரணம் பிரான்சிலிருந்து வந்தது. எரிக் சாகி என்பவர் பெரும்பாலும் தனியொருவராக இருந்து ஆக்கி, 1991-இல் வெளியிட்ட 'அனதர் வேர்ல்ட்'. புயலடிக்கும் இரவில் ஓர் இளம் விஞ்ஞானி காரில் வந்திறங்கித் தன் ஆய்வுக்கூடத்துள் நுழைகின்றான், பரிசோதனையை முடுக்கிவிட்டு நாற்காலியிற் சாய்கின்றான், மின்னல் விழுகின்றது, வேறோர் உலகின் நீர்நிலையுள் அமிழ்கின்றான். நாம் இன்னும் படம் ஓடுகின்றதென்று கைகட்டிப் பார்த்திருந்தோம். குமிழிகள் எழுகின்றன. அடியிலிருந்து கரிய கரங்கள் நீள்கின்றன. விஞ்ஞானி இறந்துபோனான்! படம் எப்போதோ முடிந்துவிட்டது. நீந்தி மேலே வரவேண்டியவர் நாமே என்பதை எவரும் சொல்லவில்லை. இது கொடுமையென்று எம் இல்லாள் அபிப்பிராயப்பட்டாள். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். இரண்டாம் முறை நீந்திக் கரையேறியபோது, வேறு எந்த விளையாட்டிலும் நேராத ஒரு விழிப்பு எம்மிடம் இருந்தது. இந்த உலகம் எமக்காகக் காத்து நிற்காது என்பதைத் தோலால் அறிந்திருந்தோம். புள்ளிக் கணக்கு, உயிர்க் கணக்கு ஒன்றும் திரையில் இல்லை. கண்ணைத் தவிரக் காவல் வேறில்லை.

இவ்வளவும் கேட்டவர்கள், தொடக்கம் சுருங்கியிருப்பதே சிறப்பென்று நாம் முடிவு கட்டிவிட்டதாக எண்ணலாம். அப்படியன்று. 1998-இல் அமெரிக்காவின் வால்வ் நிறுவனத்தார் தம் முதல் ஆட்டமாக வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப்', மிக ஆறுதலாகவே தொடங்குகின்றது. கோர்டன் ஃபிரீமன் என்னும் பௌதிகவியலாளர் வேலைக்குச் செல்கின்றார். நியூ மெக்சிகோப் பாலைவனத்தில் நிலத்தின் கீழே பரந்து கிடக்கும் ஆராய்ச்சி நிலையம் அது. ஒரு சிறு தொங்கு வண்டியில், ஐந்து நிமிடமளவு, அவர் போய்க்கொண்டே இருக்கின்றார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. வண்டியை விட்டு இறங்க முடியாது. ஆனால் வண்டிக்குள் நடக்கலாம்; விரும்பிய யன்னலால் எட்டிப் பார்க்கலாம். பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் காவலாளி ஒருவன் கடந்து போகின்றான். பாரந் தூக்கும் யந்திரங்கள். பச்சை நிறத்தில் தேங்கி நிற்கும் கழிவு. ஒலிபெருக்கியில் நிலையத்து விதிகளை ஓதும் குரல்.

கம்பநாடன் இராமனைப் பிறப்பிக்குமுன் சரயு நதியைப் பாடினான், நதி பாய்ந்த நாட்டைப் பாடினான், நகரைப் பாடினான், அப்பாலேதான் அரசனிடம் வந்தான். ஆற்றுப்படலத்தைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டும் மாணாக்கர் என்றும் உண்டு. நாமும் ஒருகாலத்தில் புரட்டியவரே. நாடு எத்தகையது என்று அறியாதவனுக்கு அது அரசனை இழந்து நின்ற துயரம் எவ்வாறு உறைக்கும்? அந்தத் தொங்கு வண்டியின் பயனும் அதுவே. வண்டியிலிருந்து இறங்கி, சக ஊழியர்களோடு இரண்டொரு வார்த்தை கேட்டு, பாதுகாப்பு அங்கி அணிந்து, பரிசோதனை அறைக்குள் நுழைகின்றோம். ஆய்வுப்பொருள் ஏற்றிய தள்ளுவண்டியைக் கதிருக்குள் தள்ளும்படி கட்டளை. தள்ளுகின்றோம். அண்டம் கிழிந்து, வேற்றுலகப் பிராணிகள் நிலையத்துள் நுழைகின்றன. தள்ளியவர் யார்? படத்திலே வரும் ஒரு பாத்திரமன்று, எமது பெருவிரல். பிறகு அதே நடைகூடங்களின் வழியே திரும்பி ஓட வேண்டியிருக்கின்றது. சற்றுமுன் வணக்கம் சொல்லிய மனிதர்கள் அங்கே விழுந்து கிடக்கின்றார்கள். இடிந்த சுவர் எந்தச் சுவர் என்று எமக்குத் தெரிகின்றது. அந்த ஐந்து நிமிடமும் வீணாகவில்லை.

இவ்விடத்தில் நாம் கண்ட வேற்றுமையை மாணவ நண்பருக்கு நேராகவே சொல்லிவிடுகின்றோம். எமக்குச் சலிப்பூட்டிய ஆட்டத்தில் ஆயிரம் ஆண்டுக் கதை இருந்தது. ஆனால் நாம் அங்கே இல்லை. 'ஹாஃப்-லைஃப்' வண்டியில் நிகழ்ச்சி என்று ஒன்றுமில்லை. ஆனால் நாம் அங்கே இருந்தோம். எந்த யன்னலால் பார்ப்பது என்னும் அற்பமான தெரிவு எம்முடையதாயிருந்தது. அது போதுமாயிருந்தது.

நீண்ட தொடக்கங்களுள் எம்மை மிகவும் உலுக்கியது 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' என்பது. 2013-ஆம் ஆண்டினது. பதினேழு வயது நிறைந்தோர்க்கே உரியதென்று அமெரிக்கத் தரநிர்ணயத்தார் முத்திரையிட்டிருப்பதால், தங்கை மருமகனை அறையை விட்டு எழுப்பிவிட்டாள். பல்கலைக்கழகத்திற் பயிலும் மூத்த மருமகளோடிருந்து ஆடினோம். கதையின் முடிச்சைச் சொல்லாமல் இதனைப் பேச முடியாது. ஆடக் கருதியிருப்போர் அடுத்த பந்தியைத் தாண்டிச் செல்க.

ஜோயல் என்னும் தந்தை. சாரா என்னும் பன்னிரண்டு வயது மகள். தந்தையின் பிறந்தநாளுக்கு மகள் ஒரு கைக்கடிகாரம் பரிசளிக்கின்றாள். அன்றிரவு தொலைபேசி ஒலித்து எழும்புபவள் அவள். அவளைத்தான் நாம் நடத்துகின்றோம். ஆட்டத்தின் வீரன் தந்தை என்று உறையிலே படம் போட்டிருக்க, எமது கையில் ஒரு சிறுமி. இரவுடையோடு இருண்ட வீட்டில் அறை அறையாய் அப்பாவைத் தேடுகின்றோம். தொலைக்காட்சியில் ஏதோ கலவரம்; யன்னலுக்கு வெளியே தூரத்தில் நெருப்பு. பிறகு காரின் பின்னிருக்கை. தலையைத் திருப்பிப் பார்ப்பதைத் தவிர எம்மாற் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சிறுபிள்ளைக்குப் பின்னிருக்கையில் வேறென்ன முடியும்? கார் மோதுண்டபின், காலொடிந்த மகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் தந்தையாக நாம் மாறுகின்றோம். இரு கையிலும் பிள்ளை இருப்பதால் போராட வழியில்லை; ஓடத்தான் முடியும். ஊரின் எல்லையில் ஒரு சிப்பாயின் துப்பாக்கி. இருபது ஆண்டு கழித்துக் கதை தொடரும்போது, உடைந்துபோன அக்கைக்கடிகாரம் ஜோயலின் மணிக்கட்டில் இருக்கின்றது. அவளாகவே நடந்து பழகிய பின் அவளை இழக்கின்றோம் என்பதில்தான் அத்தொடக்கத்தின் வன்மை முழுவதும் இருக்கின்றது. மருமகள் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். ஊர் எல்லைகளையும் சிப்பாய்களையும் எம் நாட்டிலே கண்ட குடும்பத்தவர் நாம். அவள் தாய் வாயிற்படியில் நின்று பார்த்ததை நாம் அப்போதுதான் கவனித்தோம். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

மனத்தைத் தேற்றிக்கொள்ள மறுநாட் காலை மருமகன் வேறொன்றை ஏற்றினான். 2017-இன் 'செல்டா', 'பிரெத் ஒஃப் த வைல்ட்' என்பது அதன் முழுப்பெயர். கண்விழிக்கச் சொல்லும் ஒரு குரல், குகை, வெளியே வெளிச்சம். வீரன் ஓடிச் சென்று மலைவிளிம்பில் நிற்க, ஒரு நாடே கண்முன் விரிகின்றது. தூரத்தில் அரண்மனை, எரிமலை. பார்த்த இடத்துக்கெல்லாம் போகலாமாம். ஆனால் நாம் நிற்கும் மேட்டுநிலத்தைச் சுற்றிலும் செங்குத்துப் பாறை. சில கருமங்களை முடித்துப் பறக்கும் பாய் ஒன்றைப் பெறும்வரை இறங்க வழியில்லை. உலகத்தைக் காட்டி, முற்றத்தில் விளையாட விடுகின்றார்கள். முற்றம் என்று தெரியாதவாறு அது பெரிது.

மாணவர்க்கு எழுதிய மறுமொழியில் இவற்றையெல்லாம் சுருக்கிக் குறித்தோம். அத்தோடு ஒரு யோசனை: இதுகாறும் அவ்வாட்டத்தைப் பாராத ஒருவரை அழைத்து, கருவியைக் கையிற் கொடுத்து, மருமகன் எமக்குச் செய்ததுபோல வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் இருக்க வேண்டும். எந்த நொடியில் அவர் எழுகின்றார் என்பதைக் கடிகாரம் பார்த்து எழுதிக்கொள்க. முதலில் அழைக்கத்தக்கவர் தந்தையாரே என்றும் சேர்த்தோம். அவர் மறுக்கலாம். மறுத்தால் தாயாரை அழைக்கலாம்.

தாயார் என்று எழுதியதற்குக் காரணமுண்டு. தங்கை குடும்பத்தார் புறப்படுவதற்கு முதல்நாள், மருமகன் கனடாவில் ஆக்கப்பட்ட ஒரு சிறு ஆட்டத்தைத் திறந்தான். 2023-இல் வந்த 'வெண்பா'. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு பெண்ணின் பெயர் அது. கதை 1988-இல் தொடங்குகின்றது. பகைவனில்லை, பாதாளமில்லை. தாய் கொடுத்த சமையற் குறிப்பேடு சிதைந்துபோயிருக்க, நாம் இட்டலி அவிக்க வேண்டும். ஏட்டில் அழிந்த இடத்தை எம் அறிவால் நிரப்ப வேண்டும். தட்டுக்களை எவ்வாறு அடுக்குவது என்பதே புதிர். மருமகன் ஒரு விதமாக அடுக்கினான், சரிவரவில்லை. மாற்றி அடுக்கினான். எமக்கும் தெரியவில்லை, இத்தனை வயதுக்கும் உண்டு பழகியதன்றி அவித்துப் பழகியதில்லை.

இதுவரை ஒரு நாளும் திரையருகே வந்திராத தங்கை, மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கட்டிலிற் போட்டுவிட்டு வந்தாள்.

"என்னடா தம்பி செய்யிறாய்? உப்பிடி ஒண்டுக்கு நேரை ஒண்டு வைச்சால் ஆவி எங்காலை போறது? மேல் தட்டைத் திருப்பி வை."

"எப்பிடி அம்மா?"

"இஞ்சை கொண்டா அதை. அண்ணை, கொஞ்சம் அங்காலை இருங்கோ."

நாம் தள்ளியிருந்தோம். எந்தப் பொத்தானை அழுத்துவதென்று மகன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். தமிழிற்றான் சொன்னான், தடுமாறித் தடுமாறி. அன்றிரவு பெட்டிகள் கட்டி முடிய ஒரு மணியாயிற்று.